சின்னத்தாயி அக்கா மறைத்த மருந்து

பூனைக்குப் பதிமூன்றாயிரம் ரூபாய் செலவழித்தவள் என்று சின்னத்தாயி அக்காவைப் பற்றி எங்கள் பால் சொசைட்டியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கிடாரியை விற்று வைத்தியம் பார்த்தாளாம், அப்படியும் பூனை பிழைக்கவில்லையாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். காலையில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது எவனாவது ஒருத்தன் "மியாவ்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கன்றுகள் அந்த அக்காவின் கைபட்டுத்தான் பூமியில் விழுந்தன. செலவான ரூபாய் மட்டும் இவர்களுக்குத் தெரியும், நடந்தது தெரியாது. அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரர் சென்னிமலை அண்ணனுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும் தெரியும். நாலாவது ஆள் நான்.

என் பெயர் அர்த்தநாரி. வேலந்தாவளத்தில் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறேன். சந்தை நாளில் கன்றுகளை ஏற்றுவேன், மற்ற நாட்களில் தவிடும் புண்ணாக்கும். வண்டியின் நம்பர் கேரளா, சவாரியில் பாதி தமிழ்நாடு. எனக்கு எல்லைக் கோடு என்பது டீசல் எந்தப் பக்கம் மலிவு என்று பார்ப்பதற்கு மட்டும்தான்.

சின்னத்தாயி அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. மூன்று கறவை மாடு, இன்னும் கன்று போடாத ஒரு கிடாரி, ஒன்றரை ஏக்கர் தென்னை. பிள்ளைகள் இல்லை. அவரை மாட்டு வைத்தியச்சி என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "நானென்ன பச்சிலை வைத்தியமா பண்றேன்? மாட்டைப் பாத்தா தெரியுது, செய்யறேன்" என்பார். வயிறு உப்பினாலும், கன்று ஈன முடியாமல் மாடு தவித்தாலும், மடி கட்டிக்கொண்டாலும் இந்தச் சுற்று வட்டாரத்தில் முதலில் போவது அவருடைய போனுக்குத்தான். அப்புறம்தான் மிருகாசுபத்திரிக்கு. அங்கே வேலை பார்க்கிறவர்களே சில சமயம் "சின்னத்தாயி என்னா சொல்லுச்சு?" என்று கேட்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் ஒரு கால் மடங்கி உள்ளே சிக்கிக்கொண்டது. டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அக்கா வந்து, முழங்கை வரை தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டார். நான் அதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டேன். எழுந்தபோது கன்று நின்றுகொண்டிருந்தது. "கன்னுக்குட்டியே எந்திரிச்சு நின்னுருச்சு, உனக்கு இன்னும் கால் வரலயா?" என்று அக்கா கேட்டது இப்போதும் என் வீட்டில் ஒரு கேலி. காசு கொடுத்தேன். வாங்கவில்லை. அன்று பிறந்த கன்றுதான் இன்றைக்கு என் வீட்டில் வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கிறது. அதனால்தான் அந்த அக்கா முன்னால் நான் குரல் உயர்த்திப் பேச மாட்டேன். நான் மட்டுமில்லை, இங்கே யாருமே பேச மாட்டார்கள்.

குறையையும் சொல்லியாக வேண்டும். அக்காவை மறுத்துப் பேச முடியாது. மருந்து சீசாவில் என்ன அளவு போட்டிருந்தாலும் அவருக்குக் கண் அளவுதான். ஒருமுறை நான் சீசாவைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்ததற்கு, "சீசாவுக்கு மாட்டைத் தெரியுமாப்பா?" என்று பிடுங்கி வைத்துவிட்டார். அவர் அளவு ஒருநாளும் தவறியதில்லை என்பதும் உண்மை. அதுதான் வினையாகப் போயிற்று.

பூனைக்கு அம்மிணி என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன் கொல்லங்கோட்டுப் பக்கமிருந்து நான் ஏற்றி வந்த வைக்கோலுக்குள் இருந்தது, கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டி. பெயர் வைத்தது சென்னிமலை அண்ணன். அவர் அதிகம் பேசாத மனிதர். கட்டிய பெண்டாட்டியை ஒருநாளும் அம்மிணி என்று கூப்பிட்டதில்லை, பூனையைப் போய்க் கூப்பிடுகிறார் என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் பால் கறக்கும்போது பூனை எதிரே வந்து உட்கார்ந்தால், காம்பை அதன் வாய்க்கு நேரே திருப்பிப் பீய்ச்சுவது அக்காதான். அது மீசையெல்லாம் பால் சொட்ட உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருந்தது அந்தப் பூனையால்தான். "உன்ற அம்மிணி என்ன பண்ணிச்சு தெரியுமா" என்று தொடங்கித்தான் மற்ற விஷயங்கள் வரும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் உடுமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், திங்கட்கிழமை சாயங்காலம்தான் வருவார். காலை ஒன்பது மணிக்கு நான் தவிட்டு மூட்டை இறக்கப் போனேன். மழை விட்டதும் மாட்டுக்கு உண்ணி ஏறும். அக்கா வாளியில் உண்ணி மருந்து கலந்து, பழைய துணியை முக்கி மூன்று மாட்டுக்கும் துடைத்து முடித்திருந்தார். பூனை பக்கத்தில் உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தபடி இருந்தது. தெள்ளுப்பூச்சி பிடித்திருந்தது போல. அக்கா அதே துணியை இன்னொரு தடவை முக்கிப் பிழிந்து, பூனையைக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு இழுப்பு துடைத்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, அதுக்கும் சேத்தா?" என்றேன்.

"மாட்டுக்கு ஆகறது பூனைக்கு ஆகாதா? நீ மூட்டையை எறக்கு."

பூனை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் தொழுவத்துக்கு வெளியே ஓடியது. நான் மூட்டையை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "அர்த்தநாரி, வண்டியை எடுத்துட்டு வா. அம்மிணிக்கு என்னமோ ஆவுது." அந்தக் குரலில் அக்காவை நான் கேட்டதே இல்லை. போய்ப் பார்த்தால், பூனை கோணிச் சாக்கில் பக்கவாட்டில் கிடந்தது. காது துடித்தது, பிறகு முகம், அப்புறம் கால் நான்கும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. அக்கா மோர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். அது பல் இடுக்கு வழியாக வெளியே வழிந்திருந்தது. "காலைல இருந்து நல்லாத்தான் இருந்துச்சு" என்று இரண்டு தடவை சொன்னார். நான் வாளியைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்திருந்தது. துணியைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிருகாசுபத்திரி இல்லை. கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு டவுனுக்கு விட்டேன். நாய் பூனைகளுக்கென்று அங்கே ஒரு தனியார் கிளினிக் இருப்பது எனக்குத் தெரியும். என் பெட்டி ஆட்டோவுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அக்கா பின்னால் ஏறாமல், டிரைவர் சீட்டில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்துக்கொண்டார். இழுப்பு வரும்போதெல்லாம் "இந்தா வந்துட்டம் கண்ணு, இந்தா வந்துட்டம்" என்றார். 

கிளினிக்கில் இருந்தது சோனா என்று ஒரு மலையாளி டாக்டரம்மா. முப்பது வயதுகூட இருக்காது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பூனையை மேஜையில் போட்டு ஊசி குத்திக்கொண்டே விவரம் கேட்டார். ஊரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலந்தாவளமோ? சின்னத்தாயி அம்மாவா நீங்க? எங்க மாமா வீட்டுப் பசுவுக்கு நீங்களல்லே கன்னை எடுத்துத் தந்தது? மாமா எப்பவும் பறயும். அப்போ உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தர வேண்டா." அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னது. பிறகு கேட்டது: "உடம்பு மேலே ஏதெங்கிலும் மருந்து போட்டோ? செள்ளுக்கு, உண்ணிக்கு?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லீங்" என்றார். "பக்கத்துத் தக்காளிக் காட்டுல எலி மருந்து வெச்சிருந்தாங்க. அதத் தின்னுருக்கும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கூட வந்தவன் என்று சும்மா பார்த்ததுதான், கேள்வி ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் விறைப்பாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

எலி மருந்து தின்ற பூனைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தார்கள். வயிற்றைக் கழுவினார்கள், கரி மருந்து கொடுத்தார்கள், ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், குளுக்கோஸ் போட்டார்கள், வலிப்பு நிற்க ஊசி போட்டார்கள். நல்ல விலையுள்ள மருந்துகள். இரண்டு நாள் வைத்திருந்தால் பன்னிரண்டு, பதிமூன்று ஆகும், முதலில் ஐயாயிரம் கட்ட வேண்டும் என்றார்கள். அக்காவின் சுருக்குப்பையில் ஆயிரத்து எழுநூறு இருந்தது. அவர் அங்கேயே நின்று மாட்டு வியாபாரி சங்கையாவுக்குப் போன் போட்டார். "கிடாரியக் கேட்டீங்கல்ல. நீங்க சொன்ன வெலைக்கே புடிச்சுக்குங்க. இப்பவே பணம் வேணும்." ஆறு மாதமாக சங்கையா கேட்ட கிடாரி அது, அக்கா கொடுக்க மறுத்த கிடாரி. பணம் என் போனுக்கு வந்தது, என் போனிலிருந்து கிளினிக்குக்குப் போனது.

ஊர் சிரிப்பது இந்த இடத்துக்குத்தான். எனக்கு இந்த இடத்தில் அழுகை வரும். கிடாரியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கத் துணிந்தவருக்கு, "நான் துடைச்சேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லத் துணிவு வரவில்லை. இத்தனை ஊரும் நம்பிய கை தவறிவிட்டது என்று, தன்னை மெச்சிய ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் எப்படிச் சொல்வது? அந்தப் பெண் மட்டும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பூனையை அங்கேயே விட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, காலைல அந்தத் துணியில..."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஓட்டினேன். மனசுக்குள் எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. கேட்டுவிட்டேன் அல்லவா, அக்காவே வேண்டாம் என்றுவிட்டார், இனிமேல் என் மேல் குற்றமில்லை என்று. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பால் ஊற்றிவிட்டுப் போனோம். பூனை உயிரோடுதான் இருந்தது. மயக்க ஊசியின் பிடி தளரும்போதெல்லாம் இழுப்பு திரும்ப வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவின் முகம் வாடியிருந்தது. எலி மருந்தென்றால் ரத்தத்தில் காட்ட வேண்டும், ஒன்றும் காட்டவில்லை என்றார். "அம்மா, ஏதெங்கிலும் விட்டுப் போச்சோ? நல்லா ஆலோசிச்சுப் பாருங்க."

அக்கா குனிந்து பூனையின் தலையில் கை வைத்தார். பூனை கண்ணைத் திறந்தது. ஆள் தெரிந்ததோ என்னவோ, கழுத்தை அவர் கைக்குள் நுழைக்கப் பார்த்தது. அவ்வளவு நெருக்கத்தில் ரோமத்திலிருந்து அந்த மருந்து நெடி இன்னும் வந்திருக்க வேண்டும். அக்கா குனிந்தபடியே பேசினார்.

"நாந்தானுங்க. மாட்டுக்குக் கலக்குன உண்ணி மருந்து. அதே துணியில தொடச்சு உட்டேன். எலி மருந்துன்னு சொன்னது பொய்யுங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். மூன்று தடவை நுரை வரத் தேய்த்துக் கழுவினார். அக்கா தானும் தேய்ப்பதற்காகக் கையை நீட்டினார், பிறகு அவராகவே கையை இழுத்துக்கொண்டார். நனைந்த பூனை ஒரு கைப்பிடிதான் இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பா என்று இருந்தது எனக்கு.

"பூனைக்கு இந்த மருந்து ஆகாது அம்மா. மாட்டுக்கு ஆகும், நாய்க்குக்கூட ஆகும். பூனைக்கு விஷம்" என்றார் டாக்டரம்மா, துண்டால் துடைத்துக்கொண்டே. "இது தோல் வழி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நேத்தே கழுவியிருந்தா..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். சோப்பு பாட்டிலைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடையிலும் விற்பது, இருபது ரூபாய்.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்குப் பூனை செத்தது. கடைசியில் இழுப்புகூட இல்லை, மூச்சு மட்டும் நின்றது. அக்கா அழவில்லை. மீதிப் பணத்தைக் கட்டச் சொன்னார், கட்டினேன். டாக்டரம்மா தன்னுடைய பீஸை எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை, "அதையும் வாங்கிக்குங்க, வாங்கிக்குங்க" என்று நோட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். வண்டியில் ஏறிய பிறகுதான் அழுதார். டவுன் முடிகிற வரைக்கும் அழுதார். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவன் அப்போது என்ன சொல்ல?

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது சென்னிமலை அண்ணன் வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பக்கத்துக் காட்டில் வைத்த எலி மருந்தைப் பூனை தின்றுவிட்டது என்று முந்தின நாளே போனில் அவரிடமும் சொல்லியிருந்தார் அக்கா. அண்ணன் சாக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அதன் காதை ஒரு விரலால் நீவினார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், தென்னைக்குப் பக்கத்தில் தானே குழி வெட்டினார். வெட்டி முடித்ததும் பூனையை இறக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தார்.

"எங்கீங்க போறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"சந்தனத்தைக் கேக்கோணும்."

சந்தனம் பக்கத்துக் காட்டுக்காரர். தக்காளியும் வெண்டையும் போட்டிருக்கிறார், எலி மருந்தெல்லாம் வைக்கிற ஆளே இல்லை. ஒரு எறும்புக்குக்கூட ஒதுங்கிப் போகிற மனுஷன். அண்ணனோ முப்பது வருஷத்தில் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. அந்தச் சாயங்காலம் அவர் நடந்த நடையில் நானே பயந்துவிட்டேன்.

அக்கா ஓடிப்போய் வேலிக் கதவை மறித்து நின்றார். "சந்தனம் மருந்து வெக்கலீங்க. யாரும் வெக்கலீங்க. மாட்டுக்குக் கலக்குன உண்ணி மருந்தை நாந்தான் அதும்மேல தொடச்சேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். நேத்தே சொல்லியிருந்தா சோப்புப் போட்டுக் கழுவிப் பொழைக்க வெச்சிருப்பாங்க. நாந்தானுங்க கொன்னேன்."

அண்ணன் மண்வெட்டியை இறக்கினார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "உன்ற கையெல்லாம் நல்லாக் கழுவுனயா?" என்றார். அக்கா அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா எந்த மாட்டையும் தொடுவதில்லை. யார் போன் போட்டாலும் "டாக்டரக் கூப்புடுங்க, நடந்ததை எதையும் மறைக்காமச் சொல்லுங்க" என்று வைத்துவிடுகிறார். காரணத்தை ஊர் அறியாது. பூனை செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் அதோடு முடியவில்லை. அண்ணன் குழிக்குத் திரும்பி வந்தார். பூனையை இறக்கி வைத்தார். குனிந்தபடியே என்னைக் கேட்டார்.

"நாஞ் சொல்லியிருந்த தவுட்டை நேத்துக் காலைல நீ எறக்க வந்தயல்ல. பாத்தயா?"

"பாத்தனுங்க."

"டாக்டரு கேக்கறப்பவும் கூட இருந்தயா?"

"இருந்தனுங்க."

"அவளுக்கு வாய் வரல, செரி. நீ ஏனப்பா சொல்லல?"

அக்காவின் பேர் கெடக்கூடாதென்று, அவர் முன்னால் நான் எப்படிப் பேசுவதென்று, என் மாட்டுக்கு அவர் செய்ததை நினைத்து என்று எத்தனையோ வந்தன வாய்க்கு. குழிக்குள் ஈரம் காயாத அந்தப் பூனையைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அண்ணன் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "நீயே மூடு" என்றார். மூடினேன்.